பெல்லட்டைக் குறை சொல்லும் முன்

காசிமேட்டுத் தம்பி ஒருவர் போன மாதம் நான்கு வகை பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு), வகைக்கு ஒரு டப்பா, அவற்றைச் சுட்ட ஒரு தாளுமாக என் வீட்டுக்கு வந்தார். பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவர். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்து குண்டு சுட்டிருந்தார். மூன்றாவது டப்பாவின் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஒரு மிளகு புகும் அளவுக்கு ஒரே துளையாகத் தெரிந்தது. "இதுதான் அண்ணே என் ரைபிளுக்கு. எட்டு டப்பா வாங்கப் போகிறேன்" என்றார். பணத்தை எடுக்கும் முன் அதே டப்பாவில் இன்னும் நான்கு முறை ஐந்தைந்தாகச் சுட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த வாரத் தாளில் இரண்டு குரூப் (ஐந்து குண்டும் சேர்ந்து விழுந்த துளைக் கூட்டம்) சுமார், ஒன்று நன்று, இன்னொன்று அவர் ஒதுக்கிவைத்த முதல் டப்பாவைவிட மோசம். முகம் விழுந்துவிட்டது.

நான் பார்த்தவரை பெல்லட் தேர்வில் நடக்கும் தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான்: ஐந்து குண்டை நம்புவது. ஒரே டப்பா, ஒரே ரைபிள், ஒரே நாள். அப்போதும் ஐந்து குண்டுக் குரூப்புகள் தங்களுக்குள் இரு மடங்கு வரை வேறுபடுவது சாதாரணம். நான்கு டப்பாவுக்கு ஒவ்வொரு குரூப் சுட்டால் அவற்றில் ஒன்று அழகாக வந்தே தீரும். அது டப்பாவின் குணமா, அன்றைய அதிர்ஷ்டமா என்று அந்தத் தாளுக்குச் சொல்லத் தெரியாது. இன்னொன்று: பத்து குண்டுக் குரூப், ஐந்து குண்டுக் குரூப்பைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகவே வரும். நண்பரின் ஐந்தோடு தன் பத்தை ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, தோட்டாவுக்குத் தாமே மருந்து நிரப்பலாமா என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். 50 மீட்டரில் சுடும் .22 தோட்டாவும் ஆலையிலிருந்து முழுசாக வருவதுதான். நம் கையில் இருப்பது தேர்வு மட்டுமே: எந்த நிறுவனம், எந்தத் தலையளவு (குண்டின் தலை விட்டம்), எந்த பேட்ச் (ஆலையில் ஒரே தடவையில் செய்த தொகுதி).

அந்தத் தேர்வால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்டால், இலக்குப் பலகையின் அளவைப் பாருங்கள். பத்து மீட்டர் பலகையில் பத்தாம் வளையம் 0.5 மி.மீ. புள்ளி. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டு மையத்திலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகும்போதும் 0.1 புள்ளி போகும். 60 குண்டில் 630 எடுப்பவரின் சராசரி 10.5. அதாவது குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான் விலகியிருக்கின்றன. அந்த நிலைக்கு வந்தவருக்கு பெல்லட் தரும் அரை மி.மீ. பெரிய விஷயம். 590-இல் இருப்பவருக்கு அல்ல. அவர் அந்த நேரத்தில் நிற்கும் நிலையைச் சரிசெய்துகொண்டால் அதிகம் கிடைக்கும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. டப்பா வாங்குவது சுலபமல்லவா.

சரி, சோதிப்பது என்று முடிவெடுத்துவிட்டால் தோளில் வைத்துச் சுட்டுச் சோதிக்காதீர்கள். உடம்பின் ஆட்டம் பெல்லட்டின் வேறுபாட்டை விழுங்கிவிடும். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் எனக்கு ஒரு கிளாம்ப் கடைந்து கொடுத்தார். கனமான இரும்புப் பலகை, இரண்டு தாடை, உள்ளே தோல் ஒட்டியது. முதலில் நான் செய்த மடத்தனம், குழலையே பிடித்து இறுக்கியது. குரூப் பக்கவாட்டில் கோணிக்கொண்டு போனது. குழலைத் தொடாமல், ரைபிளின் கட்டைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ரயில் என்னும் உலோகப் பட்டையைப் பிடித்ததும் சரியானது. கிளாம்ப்பில் மாட்டும் முன் கட்டையையும் இயந்திரத்தையும் இணைக்கும் திருகுகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள். தளர்ந்த ஒரு திருகுக்காக மூன்று நிறுவனங்களின் பெல்லட்டைத் திட்டித் தீர்த்தவர் எனக்குத் தெரியும். வேறு யாருமில்லை, நானேதான்.

டப்பாவுக்கு ஐம்பது குண்டு, பத்துப் பத்தாக ஐந்து குரூப். முதல் டப்பாவை முழுதும் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், டப்பா மாற்றி மாற்றிச் சுடுங்கள். இல்லையென்றால் ரைபிளின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் இறங்கியதும் அறையின் வெப்பம் மாறியதும் கடைசி டப்பாவின் தலையில் விழும். டப்பா மாற்றிய பிறகு விழும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் புது ஈயம் படிந்து நிதானத்துக்கு வரச் சில குண்டுகள் ஆகும். குழலைச் சுத்தம் செய்த கையோடு சோதிப்பதும் இதே தவறுதான்.

தராசுப் பைத்தியம் ஒன்று உண்டு. மில்லிகிராம் தராசு வாங்கி, ஐந்நூறு பெல்லட்டையும் எடைபோட்டுப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். போட்டி பெல்லட்டின் எடை சுமார் 0.53 கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில். பத்து மீட்டர் போவதற்குள் அது சுமார் 17 மி.மீ. கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய அரை சதவீதம் குறையும்; குண்டு 0.17 மி.மீ. கீழே விழும். 0.1 புள்ளிக்குக்கூட எட்டாது. அதுவே ஒவ்வொரு குண்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரைபிளின் ரெகுலேட்டர் சரியில்லாமல் வேகம் இரண்டு சதவீதம் ஏறி இறங்கினால் 0.7 மி.மீ. ஆகிவிடும். குரூப் வட்டமாக இல்லாமல் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் தராசை விட்டுவிட்டு ரெகுலேட்டரைப் பாருங்கள். எடையைவிடக் கண்ணால் பார்ப்பது பலன் தரும். பெல்லட்டின் பின்விளிம்பு நசுங்கியிருந்தால் எடை சரியாக இருந்தும் பயனில்லை.

நசுங்குவதற்கு நம் பக்கத்தில் வாய்ப்பு ஏராளம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ குதித்துக் குதித்துப் போகும்போது, பாதி காலியான டப்பாவுக்குள் மெல்லிய ஈயம் என்ன பாடுபடும்? மூடிக்கும் பெல்லட்டுக்கும் நடுவே ஸ்பாஞ்சு வைத்து ஆடாமல் அடையுங்கள். அடுத்து உப்புக் காற்று. கடலோர வீட்டில் ஜன்னலோர அலமாரியில் திறந்து வைத்த டப்பாவில் சில மாதங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். அது ஈயம் அரிக்கிறது என்பதன் அடையாளம். அதைத் துடைத்துவிட்டுச் சுடலாம் என்று எண்ணாதீர்கள். அந்தப் பொடி உடம்புக்கும் நஞ்சு. புது டப்பாவை இறுக்கமான டிபன் பெட்டிக்குள், செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். அந்தப் பெட்டியைப் பிறகு சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. பெல்லட் தொட்ட கையோடு ரேஞ்ச் வாசலில் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நண்பரின் டப்பா உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். எங்கள் தெருக்களில் கேரம் ஆடுகிற எந்தப் பையனும் அடுத்தவன் ஸ்ட்ரைக்கரை வாங்கிப் பந்தய ஆட்டம் ஆடமாட்டான். துப்பாக்கிக் குழலும் அப்படித்தான். ஒன்று 4.49 மி.மீ. தலையளவை விரும்பும். அதே நிறுவனத்தின் அடுத்த குழல் 4.51 கேட்கும்.

கடைசியாக பேட்ச் எண். சோதித்தது ஒரு பேட்ச், வாங்கியது வேறு பேட்ச் என்றால் சோதித்த உழைப்பெல்லாம் வீண். மேலட்டை ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பது வேறு நாளில், வேறு அச்சில் வந்ததாக இருக்கலாம். டப்பாவில் ஒட்டியுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் கடையில் எத்தனை இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

காசிமேட்டுத் தம்பி கிளாம்ப்பில் மாட்டி இருநூறு குண்டு சுட்டார். இரண்டாவது டப்பா மட்டும் தெளிவாக மோசம். மற்ற மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடே இல்லை. கடையில் ஒரே பேட்ச் எண்ணில் எட்டு டப்பா எதில் இருந்ததோ, அதை வாங்கினார். அது அவர் முதலில் ஒதுக்கிய முதல் டப்பாவின் வகை.