முற்றத்தில் நின்று பிடித்தால் புகை வானத்துக்குப் போய்விடுமா?

காரைக்குடிப் பக்கம் நடுவில் திறந்த முற்றம் வைத்த பழைய வளவு வீடுகள் சில இப்போது ஆபீஸாக இயங்குகின்றன. நான் கணக்கு எழுதிய இடமும் அப்படி ஒன்றுதான். பட்டாலை என்கிற கூடத்தில் எங்கள் மேசைகள். சிகரெட் பிடிக்கிறவர்கள் முற்றத்துத் தூணில் சாய்ந்துகொள்வார்கள். காலடியில் சாம்பல் தட்ட ஒரு கொட்டாங்குச்சி. "மேலதான் வானம் தெரியுதே, புகை போயிடும்" என்பார்கள்.

எங்கே போகிறது? முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை நேராகத் தெரிகிற வீடு அது. காற்று உள்ளே புகுந்து ஓடும்போது புகையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மத்தியானம் பேரேட்டைப் புரட்டினால் தாளிலேயே வாடை அடிக்கும். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் போய்விட்டது என்று நம்புவதுதான் முதல் தப்பு.

ஏ.சி. அறைக்காரர்கள் செய்வது இன்னொரு தப்பு: ஏ.சி. புகையை வெளியே தள்ளிவிடும் என்று நம்புவது. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரளவு குறைக்கும், அவ்வளவே. காற்றோட்டத்தால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது, பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2006லேயே சொல்லிவிட்டது. புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள். அவற்றில் எழுபது போலப் புற்றுநோய் தருபவை. ஒரு நாளும் பிடிக்காதவருக்கும் மாரடைப்பு, நுரையீரல் புற்றுநோய் அபாயத்தை இது கூட்டும். காலை முதல் சாயங்காலம் வரை அந்த வளவிலேயே பெருக்கித் துடைக்கிற ஆச்சியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"இது எங்க சொந்தக் கட்டடம்" என்று முதலாளி சொல்வதும் செல்லாது. 2003 புகையிலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளால், 2008 அக்டோபர் 2 முதல் பணியிடமும் பொது இடம்தான். பிடித்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். வாசலில் 60க்கு 30 செ.மீ. அளவில் அறிவிப்புப் பலகை, யாரிடம் புகார் செய்வது என்ற பெயரோடு இருக்க வேண்டும். ஆஷ்ட்ரே வைக்கக்கூடாது, கொட்டாங்குச்சியும் ஆஷ்ட்ரேதான். புகார் வந்தும் கண்டுகொள்ளாத பொறுப்பாளருக்கும் அபராதம் உண்டு. தனி அறை ஒதுக்கலாமே என்றால், அந்த விதிகள் விட்ட சலுகை பெரிய ஹோட்டல், உணவகம், விமான நிலையத்துக்குத்தான். ஆபீஸுக்கு இல்லை.

பிடிக்கிறவரை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் விதத்திலும் தவறுகிறோம். எல்லார் முன்னாலும் கத்தினால் அவர் வீம்புக்கென்றே பிடிப்பார். எங்கள் கேஷியரம்மா அந்தக் கொட்டாங்குச்சியை எடுத்துத் தெருவுக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, "அண்ணே, உங்க சாமானை அங்கே வச்சிருக்கேன்" என்றார். அண்ணன் முறைத்தார், அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டார்.