குப்பை மேட்டு மீத்தேன்: எங்கே தவறுகிறோம்?

குப்பை மேட்டில் கிளம்பும் மீத்தேனைப் பிடித்து எரிப்பது நல்ல காரியம். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. எரித்துவிட்டால் வெறும் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடாக முடிந்துவிடும். கணக்கு இவ்வளவு சாதகமாக இருப்பதால்தான், செய்முறையில் நடக்கும் பிழைகள் கண்ணில் படாமல் போகின்றன.

குப்பை தானாகத் தீப்பற்றி எரிவதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் எரிந்தது பிளாஸ்டிக் கலந்த குப்பை. அந்தப் புகையில் டயாக்சின் போன்ற நச்சுகள் வரும். முறையான எரிப்பு என்பது குழாய்களில் உறிஞ்சிய வாயுவை மட்டும், மூடிய கலத்தில் எரிப்பது. பிரிட்டன் விதிப்படி அங்கே வெப்பம் 1000 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

திறந்த மேட்டில் நேரடியாக, வாயுவை உறிஞ்சும் குழாய்க் கிணறு தோண்டுவது அடுத்த தவறு. மேலே மண் மூடாக்கு இல்லையென்றால் குழாய் உறிஞ்சுவது பெரும்பாலும் வெளிக்காற்றைத்தான். வாயு அதிகம் வேண்டும் என்று உறிஞ்சும் விசையைக் கூட்டினால் ஆபத்தே வந்து சேரும். உள்ளே புகும் ஆக்சிஜன் குப்பையைச் சூடாக்கி, மேட்டின் அடியில் கனலாகப் பிடித்துக்கொள்ளும். அணைக்கப் பல மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள்கூட ஆகும். அமெரிக்க விதிகள் கிணற்றுவாயில் 5 சதவீத ஆக்சிஜன், 55 டிகிரி வெப்பம் என்பதை நெடுங்காலம் எல்லையாக வைத்திருந்தன. ஆக்சிஜன் அளவை மட்டும் நம்பவும் கூடாது. அது உள்ளேயே செலவாகிவிடும், நைட்ரஜன் மிஞ்சும். ஆக்சிஜன் குறைவாகவும் நைட்ரஜன் மிகுதியாகவும் காட்டினால், காற்று புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வால்வைச் சற்றே மூட வேண்டும்.

நம் ஊர் மழைக்கு இந்தக் கிணறுகள் குப்பையில் ஊறி இறங்கும் கசிவுநீரில் மூழ்குவதும் உண்டு. நீரை இறைத்து வெளியேற்ற வழி வைக்காவிட்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் வாயு வராது.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தாமதம். உணவுக் கழிவு கொட்டிய சில ஆண்டுகளிலேயே மக்கித் தீர்ந்துவிடுகிறது. குழாய் பதிப்பதோ மேடு நிரம்பிய பிறகு. குப்பை மேடுகளில் கொட்டப்படும் உணவுக் கழிவு உண்டாக்கும் மீத்தேனில் 61 சதவீதம் பிடிபடாமலே தப்பிவிடுவதாக, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் மதிப்பிட்டது. குழாய் அமைப்புகள் பரவலாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை. ஆகவே சந்தைக் காய்கறிக் கழிவையும் ஓட்டல் மிச்சத்தையும் தனியே பிரித்து, மக்கவைத்து எரிவாயு எடுக்கும் கலனுக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. மேட்டில் குழாய் பதிப்பது, ஏற்கெனவே கொட்டிவிட்டதற்கான பரிகாரம்.

மேட்டை மூடியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதும் கூடாது. இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில் 1986 மார்ச் 24 அன்று, பக்கத்துக் குப்பை நிலத்திலிருந்து மண்ணுக்கடியில் கசிந்து வந்த வாயு வெடித்து ஒரு வீடே தரைமட்டமானது, மூவர் காயமடைந்தனர். வெடிப்புக்கு முந்தைய சில மணி நேரத்தில் காற்றழுத்தம் வேகமாகச் சரிந்ததே வாயுவை வெளியே இழுத்தது. எனவே வேலியோரக் கண்காணிப்புக் குழாய்களில், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி அழுத்தம் இறங்கும் நாட்களில் வாயுவைக் கூடுதலாக ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.