கசாயம் வைக்கும் முன்: ஃப்ளூ காய்ச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளூ காய்ச்சல் கண்ட வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது கசாயம்தான். தொண்டைக் கரகரப்புக்கும் மூக்கடைப்புக்கும் அது இதம் தரும். வைரஸையே விரட்டிவிடும் என்று நம்பி அளவை மீறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் என 9 சரக்குகள் சேர்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் வெறும் நிலவேம்புப் பொடியை வாங்கி வந்து அதையே குடிநீர் என்று எண்ணிக் காய்ச்சுவோர் உண்டு. ஆகவே பொட்டலத்தில் ‘குடிநீர் சூரணம்’ என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். 5 கிராம் சூரணத்தை 240 மி.லி. நீரில் இட்டு, சிறு தீயில் நாலில் ஒன்றாக, அதாவது 60 மி.லி.யாக வற்றவைத்து வடிகட்டுவதே வழக்கமான முறை. இரண்டு கொதி வந்ததும் இறக்குவதும், சீக்கிரம் குணமாகட்டும் என்று கைப்பிடிப் பொடியை அள்ளிப் போடுவதும், காலையில் காய்ச்சியதை ஃப்ளாஸ்கில் ஊற்றி இரவு வரை குடிப்பதும் தவறு. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை மேலும் இறங்கக்கூடும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

அதிமதுரம் இனிப்பாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அதை நாள்தோறும் மென்றுகொண்டே இருந்தால், அதிலுள்ள கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். துளசிச் சாற்றைத் தேனில் குழைத்துக் கைக்குழந்தைக்குத் தருவதும் இதேபோல நல்லெண்ணத்தில் நேரும் பிழைதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது, அதனால் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஆவி பிடிப்பதைத்தான். கொதிக்கும் நொச்சி இலைத் தண்ணீரைப் பாத்திரத்தோடு கட்டிலில் வைத்து, பிள்ளையை மடியில் இருத்திப் போர்வையால் மூடும்போது, பிள்ளை ஒருமுறை திமிறினாலே போதும், தொடை வெந்துவிடும். அந்தத் தண்ணீரில் கற்பூரத்தைப் போடுவது இன்னொரு பிழை. சிறு பிள்ளைகளுக்கு அது வலிப்பை வரவழைக்கக்கூடும்.

மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, நினைவுத் தடுமாற்றம், விட்டுப்போன காய்ச்சல் திரும்பி வருவது ஆகியவை கசாயத்துக்கு அடங்குபவை அல்ல. முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் மருந்தை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதே அதன் பலன் அதிகம் என்பதால், ‘மூன்று நாள் கசாயம் குடித்துப் பார்ப்போம்’ என்பவர்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான்.