அந்தோனியாரைச் செம்பில் செதுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

சென்ற வாரம் ஓர் இளைஞர், தாம் செதுக்கிய செப்புத்தகட்டை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கையில் குழந்தை இயேசுவோடு புனித அந்தோனியார். தகட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. தாளில் அச்சிட்டதும் நெஞ்சு பதைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு.

கை மாறுவது

எங்களில் பலர் கொழும்புச் செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில் மோதிரத்திலும் பதக்கத்திலும் பெயர் வெட்டிப் பழகியவர்கள். அங்கே வெட்டியபடியே கண்ணுக்குத் தெரியும். அச்சுத்தகட்டிலோ, பள்ளத்தில் நிற்கும் மையை ஈரத்தாள் அள்ளும்போது இடம் வலமாகிவிடும். எழுத்துகளைத் திருப்பி வெட்ட எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கையை மறந்துவிடுகிறார்கள்.

ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்காக நானும் ஒரு தகடு செதுக்கினேன். நாற்பது படிகள் எடுத்த பிறகு, அயல்வீட்டு ஆச்சி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பாலன் ஏன் இடக்கையால் ஆசீர்வதிக்கிறார்?"

நாற்பதையும் கட்டி வைத்துவிட்டேன். வீட்டில் மாட்டி, விளக்கேற்றிக் கும்பிடும் படம் அது.

ஒரு கோடு பிசகினால் சுரண்டி, மெருகிட்டு, பின்புறம் மெல்லத் தட்டிச் சமன்செய்யலாம். கை மாறினால் தகடே போயிற்று. எனக்கு மூன்று வார உழைப்பு போயிற்று. படத்தை ஒளி ஊடுருவும் தாளில் பிரதியெடுத்து, அந்தத் தாளைக் கவிழ்த்துத் தகட்டில் பதியுங்கள். பிறகு தகட்டைக் கண்ணாடி முன் பிடியுங்கள். அதில் தெரிவதே அச்சில் வரும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் உளியை எடுப்பவர்களைக் கண்டால் இன்றும் கோபம் வருகிறது.

முகத்தில் கோடுகளைக் குவிப்பது

நிழலுக்காகக் கோடுகளைக் கூட்டிக்கொண்டே போனால் முகம் அழுக்காகிவிடும். உளியை ஆழமாக இறக்குங்கள், கோடு தடிக்கும். பிரெஞ்சுக் கலைஞர் கிளாத் மெல்லான் 1649இல் இயேசுவின் திருமுகத்தை மூக்கு நுனியில் தொடங்கிச் சுழலும் ஒரே கோட்டால் செதுக்கினார். முட்கிரீடமும் இரத்தத் துளிகளும்கூட அந்தக் கோடு தடித்து மெலிவதில் பிறந்தவைதான்.

ஒளிவட்டத்தை நிரப்புவது

வெட்டாத செம்புதான் வெளிச்சம். விட்டுவிடுங்கள்.

இரண்டு அந்தோனியார்களைக் குழப்புவது

பன்றியும் மணியும் எகிப்து நாட்டு வனத்து அந்தோனியாருக்கு உரியவை. நம் பதுவை அந்தோனியாருக்கு லீலியும் நூலும். லீலி தூய்மையைக் குறிக்கும், நூல் மறையறிவை. 1946இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபையின் பேராசானாக, அறிவித்தது.

இடைக்கயிறு

அவர் இடைக்கயிற்றில் முடிச்சுகள் மூன்று. அவை குறிப்பது மூன்று துறவற வாக்குகளை: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்.