நீஸில் ஒரு வீடு, தினமும் ஒரு கரை: குழந்தைகளோடு தென் பிரான்ஸ்

மத்தியதரைக் கடல் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்கள் ஊருக்கு ஓர் இரவு என்று ஹோட்டல் போட்டுக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்டி கட்டுவதிலும் பிரிப்பதிலுமே பாதி நாள் போய்விடும், சின்னப் பிள்ளைகள் மூன்றாம் நாளே சோர்ந்துவிடுவார்கள். பிரான்ஸின் தென்கிழக்குக் கரையில் அதற்குத் தேவையே இல்லை, ஏனென்றால் கடலை ஒட்டியே ரயில் போகிறது, நல்ல ஊர்கள் எல்லாம் அதில் அரை மணி, முக்கால் மணி தூரத்துக்குள் இருக்கின்றன. நீஸில் ஒரு வாரத்துக்கு ஒரே வீடு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ரயில் ஏறி ஓர் ஊர், சாயங்காலம் வீடு.

வீட்டைப் பழைய நகரத்துக்குள் எடுக்காமல் நீஸ்-வில் ரயில் நிலையத்துக்கும் ழான் மெதசான் வீதிக்கும் நடுவில் பாருங்கள். பழைய நகரம் அழகுதான், ஆனால் அங்கே பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, ராத்திரி சத்தமும் ஓயாது. பிரெஞ்சுக் கணக்கில் தரைத்தளம் பூஜ்யம் என்பதால் மூன்றாம் மாடி என்று போட்டிருந்தால் மூன்று மாடி முழுக்க ஏற வேண்டும். எங்களோடு அம்மாவும் வந்திருந்தார், அவருக்காக லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பணம் கட்டினோம். சமையலறை அவசியம். அரிசியும் தயிரும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், ராத்திரி தயிர் சாதம் போட்டால் பிள்ளைகள் மறுநாளுக்குத் தயார்.

பிரான்ஸ், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான் வேண்டும். அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விசாக் கட்டணம் இல்லை.

எப்போது போவது? செப்டம்பர்தான் என் முதல் தேர்வு, தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், ஜூலை-ஆகஸ்ட் கூட்டம் வடிந்திருக்கும். நம் பள்ளி விடுமுறைக்குத் தோதாக மே மாதம்தான் முடியும் என்றால் போகலாம், ஆனால் கடல் சில்லென்று இருக்கும். கேன்ஸ் திரைவிழா, மொனாக்கோ கார் பந்தயம் நடக்கும் வாரங்களைப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள், வாடகை எகிறிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம், கரை. நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் உள்ளங்கை அளவு சாம்பல் நிறக் கூழாங்கல். முதல் நாள் வெறுங்காலோடு ஓடிய என் ஐந்து வயது மகள் நாலடி வைத்ததும் நின்று அழ ஆரம்பித்தாள், வெயிலில் அந்தக் கல் சுட்டது. ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு எல்லோருக்கும் வாங்குங்கள். அதைவிடப் பெரிய விஷயம், கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சட்டென்று இறங்கிவிடும், முழங்கால் தண்ணீர் என்று நினைத்த இடத்தில் அடுத்த அடி மார்பளவு இருக்கும். பிள்ளையின் கையை விடாதீர்கள். உயிர்காப்பாளர் கொடி பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா நிறம் தண்ணீர் மாசுபட்டிருக்கிறது, இல்லை ஜெல்லி மீன் போன்றவை இருக்கின்றன என்பதற்கு.

சின்னப் பிள்ளைகள் விளையாட இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று வில்ஃப்ரான்ஷ்-சுர்-மேர், ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது, நிலையத்திலிருந்து படி இறங்கினால் நேரே கடல். கொஞ்சம் சொரசொரப்பான மணல்தான், ஆனால் விரிகுடாவுக்குள் இருப்பதால் அலை அடங்கியிருக்கும். குளித்து முடித்து ஊருக்குள் போனால் ரூ ஓப்ஸ்க்யூர் என்று வீடுகளுக்கு அடியிலேயே ஓடும் ஒரு தெரு இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வெளியே கண் கூசும் வெயில் அடிக்கும்போது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் பையன் அதை மூன்று தடவை ஓடிக் கடந்தான்.

இன்னொன்று மேற்கே ஆன்தீப். அங்கே லா கிராவெத் கரை கோட்டை மதிலை ஒட்டி இருக்கிறது, நல்ல மணல், அலைதடுப்பு இருப்பதால் குளம் மாதிரி நிற்கும் தண்ணீர். பக்கத்திலேயே கிரிமால்டி கோட்டை. 1946இல் ஓவியர் பிக்காசோ அங்கே வரைந்தார், இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் அன்றைக்கு ஆன்தீப் வேண்டாம். நீஸின் கூர் சலேயா சந்தையிலும் திங்கட்கிழமை பூவும் காய்கறியும் இருக்காது, பழம்பொருள் விற்பார்கள். திங்கள் என்றால் வில்ஃப்ரான்ஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே இத்தாலி எல்லையில் மான்தோன். ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர், பிப்ரவரியில் அதற்கென்றே விழா எடுக்கிறார்கள். செயின்ட் மிஷேல் தேவாலயத்துக்குப் படிகள் நிறைய, அம்மா கீழே சந்தைப் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார், நாங்கள் மட்டும் ஏறினோம். அங்கிருந்து அடுத்த ஊரான இத்தாலியின் வென்டிமில்யா போவதென்றால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும், ஆனாலும் திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மதியம் 12 முதல் 2 வரைதான் உணவகங்களில் சமையல், அதற்கப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் பல இடங்களில் அடுப்பு மூட்டுவார்கள். இரண்டேகால் மணிக்குப் பசியோடு நிற்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக அலைவது கொடுமை. மேசையில் உட்கார்ந்ததும் 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். பீட்சா மாதிரி மாவின் மேல் வெங்காயம் பரப்பிச் சுடும் 'பிஸ்ஸலாதியேர்' வாங்கும்போது சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும், வெங்காயம் மட்டும்தான் என்று தோன்றும், நெத்திலி வகை மீன் சேர்த்திருப்பார்கள்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது 'சொக்கா'. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வைக்கிறார்கள், ஓரம் கருகி நடு மட்டும் மெத்தென்று வரும்போது எடுத்து, கரண்டியால் கிழித்துக் காகிதத்தில் போட்டு மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். அம்மா முதல் வாயிலேயே "நம்ம கடலை மாவு தோசைதானே இது" என்றார், அதற்கப்புறம் அவருக்கு மதியச் சாப்பாடு தினமும் அதுதான். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.