ஊர் மாறி வேலைக்குப் போகுமுன்: சம்பளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறு ஊரில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை வந்ததும், பலரும் இரண்டு ஊர்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் விலைவாசிக் குறியீட்டைத் தேடிப் பார்ப்பார்கள். புது ஊரில் செலவு 30 சதவீதம் அதிகம் என்று இருந்தால், சம்பளமும் 30 சதவீதம் கூடினால் போதும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரிய இழப்பு இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குறியீடு ஏதோ ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவைக் காட்டுவது, உங்கள் வீட்டுச் செலவை அல்ல.

எண்களை வைத்தே பார்ப்போம். இப்போது கைக்கு வருவது 100 என்று கொள்ளுங்கள். வாடகைக்கு 25, சாப்பாடு மளிகைக்கு 20, போக்குவரத்துக்கு 8, பள்ளிக் கட்டணத்துக்கு 7, போன், துணிமணி போன்றவற்றுக்கு 10 போகிறது. மொத்தச் செலவு 70, மிச்சம் 30. புது ஊரில் 130 தருகிறார்கள். குறியீட்டை நம்பினால் செலவு 91, மிச்சம் 39, லாபம்போலத் தெரியும். ஆனால் அங்கே வாடகையும் பள்ளிக் கட்டணமும் இரட்டிப்பு என்றால் அவை 50, 14 ஆகிவிடும். சாப்பாடு 23, போக்குவரத்து 10, பொருட்கள் அதே 10. கூட்டினால் 107. மிச்சம் 23தான், முன்பைவிட 7 குறைவு.

அதே சம்பளத்துக்கு அதே ஊருக்குப் போகும் தனி ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொள்வதால் வாடகைப் பங்கு 10, பள்ளிச் செலவு கிடையாது, மற்றவை முன்பு சொன்ன அளவே. அவருடைய செலவு 48இலிருந்து 63 ஆகும், மிச்சம் 52இலிருந்து 67 ஆகும். குறியீடு ஒன்றே, ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு லாபம்.

காரணம் எளிது. போனையும் துணியையும் எங்கிருந்தும் ஏற்றி வரலாம், அதனால் ஊருக்கு ஊர் விலை பெரிதாக மாறாது. நிலத்தைப் பெயர்த்து எடுத்து வர முடியாது. முடிதிருத்துவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, வீட்டு வேலை ஆகியவற்றின் விலை அந்த ஊர்க் கூலியோடு சேர்ந்தே ஏறும். ஆகவே கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, செலவை மேலே சொன்னபடி இனம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புது ஊர் விலையைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். சில குறியீடுகளில் வாடகை சேர்ந்திருக்காது என்பதையும் கவனியுங்கள்.

அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஊர்களை ஒப்பிடுவது இன்னொரு தவறு. ஒரு பகுதியில் 180, இன்னொன்றில் 160 என்று இருந்தால் முதலாவதுதான் செலவு கூடிய ஊர் என்று நினைக்கத் தோன்றும். அப்படி அல்ல. அடிப்படை ஆண்டில் இரண்டுக்குமே 100 என்றுதான் தொடங்கியிருப்பார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கே விலை வேகமாக ஏறியது என்பதை மட்டுமே அது சொல்லும். 160 காட்டும் ஊரிலேயே வாழ்க்கைச் செலவு கூடுதலாக இருக்கலாம்.

வெளிநாட்டுச் சம்பளத்தை வாங்கும் திறன் சமநிலையில், அதாவது ஒரே பொருட்களை வாங்க இரண்டு நாடுகளிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை வைத்துப் போடும் மாற்று விகிதத்தில், மாற்றிப் பார்ப்பவர்களும் இப்படித்தான் சறுக்குகிறார்கள். அந்த விகிதம் ஒரு நாட்டின் மொத்தப் பொருளாதாரத்துக்குமான தேசிய சராசரி. அங்கேயே செலவழிக்கும் பணத்துக்கு ஓரளவு வழிகாட்டும், வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்குச் சந்தை மாற்று விகிதம்தான் பொருந்தும். இரண்டையும் பிரித்துக் கணக்கிடுங்கள்.

சதவீதம் திரும்பி வரும்போது மாறிவிடும். 100 என்பது 130 ஆனால் 30 சதவீத ஏற்றம், 130 மறுபடி 100 ஆனால் சுமார் 23 சதவீத இறக்கம்தான். செலவு குறைந்த ஊருக்குத் திரும்புவதால் "30 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம்" என்று ஒப்புக்கொண்டால் கையில் இருப்பது 91.

வரியும் உண்டு. வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் இடங்களில், கூடுதல் சம்பளம் உங்கள் மேல் அடுக்கு விகிதத்தில் வெட்டுப்படும். மொத்தச் சம்பளத்தை விட்டுவிட்டு, மாதாமாதம் கைக்கு வருவதை மட்டும் ஒப்பிடுங்கள். ஊக்கத்தொகையைத் தனியே வையுங்கள்.

வாடகையைக் குறைக்க ஊருக்கு வெளியே வீடு பார்ப்பவர்கள் நேரத்தை எண்ணுவதில்லை. ஒரு வழிக்கு 30 நிமிடம் என்பது 75 நிமிடம் ஆனால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல். 22 வேலை நாட்களுக்கு 33 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றால் நான்கு முழு நாட்களுக்கும் மேல். மிச்சமாகும் வாடகையை 33ஆல் வகுத்து, உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கிவிடும்.

சாமான் ஏற்றுவது, தரகு, பயணம் ஆகிய ஒருமுறைச் செலவைக் கூடுதல் மாத மிச்சத்தால் வகுங்கள். செலவு 40, கூடுதல் மிச்சம் 5 என்றால் போட்டதை எடுக்கவே எட்டு மாதம் ஆகும். வீட்டு முன்பணம் திரும்பி வரும் பணம்தான், ஆனாலும் அதுவரை முடங்கிக் கிடக்கும். வீட்டிலிருந்தே வேலை என்றால், ஊரைப் பொறுத்துச் சம்பளம் மாறுமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு நீங்கள் ஊர் மாறும்போது சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு.