பந்தயத்துக்கு முன் கை சில்லிட்டால்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டப் போட்டியில் பெண்கள் 400 மீட்டர் இறுதிச் சுற்று. ஓட்டக்காரர்களை உட்காரவைத்திருந்த பந்தலுக்குள் பயிற்சியாளர்களுக்கு அனுமதி இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி என் மாணவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) லேஸைக் கட்ட முயன்றாள்; விரல் வளையவில்லை. "மிஸ், கை மரத்துப்போய்விட்டது" என்று அவள் சொன்னதும், "பயப்படாதே, ஒன்றுமில்லை" என்று கத்தினேன். அவள் முகம் இன்னும் வெளிறியது. துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டாள், தகுதி நீக்கம். ஆறு மாத உழைப்பு அங்கேயே முடிந்தது. 2011இல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட்டுக்கே 100 மீட்டர் இறுதியில் அப்படித்தான் நடந்தது என்று சொல்லிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது எந்த ஆறுதலையும் தரவில்லை.

அதன் பிறகு என் பயிற்சி முறையையே மாற்றிக்கொண்டேன். பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைத் தயார்செய்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில், பந்தயப் பதற்றத்தில் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிக்கொடுங்கள். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் சில்லிடுகிறது. வாய் உலர்கிறது, வயிறு புரட்டுகிறது. மூளையின் கட்டளைப்படி அதே சுரப்பிகளிலிருந்து வரும் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் சற்று மெதுவானது. உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகும். இவையெல்லாம் ஓடுவதற்கான ஏற்பாடுகள். காரணம் தெரியாத பிள்ளைக்கோ, நோய் வந்ததுபோல இருக்கும்.

ஒவ்வொருவரும் தம் அறிகுறியை நோட்டில் எழுதட்டும். என்னிடம் ஒருத்தி கொட்டாவி விடுவாள். இன்னொருத்தி நான்கு முறை கழிப்பறைக்குப் போவாள். எழுதிவைத்த அறிகுறி போட்டியன்று வரும்போது பழகிய விருந்தாளிபோல வருகிறது.

"அமைதியாக இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பாட்டு, மேடைப் பேச்சு, கணக்குத் தேர்வு ஆகியவற்றுக்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் இதயத்தை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது. எங்கள் பிள்ளைகள் சொல்வது: "உடம்பு தயார்."

அடுத்தது, காத்திருப்பைப் பயிற்சியாக்குவது. பெரும்பாலான மைதானங்களில் இதைச் செய்வதே இல்லை; எனக்கு இதுதான் மிக முக்கியம். வாரத்தில் ஒரு நாள், வார்ம்-அப் முடிந்ததும் முதுகில் போட்டி எண் அட்டையைக் குத்தி, பெஞ்சில் இருபது நிமிடம் உட்காரவைக்கிறேன். பேச்சு கிடையாது. தெரியாத ஆசிரியர் ஒருவர் வந்து பெயரை வாசிப்பார். பிறகு ஓட்டம். "செட்" சொன்னபின், துப்பாக்கிக்குப் பதிலாகச் சத்தமெழுப்பும் கிளாப்பரை ஒருமுறை சட்டென்று தட்டுவேன், அடுத்தமுறை தாமதிப்பேன். சத்தம் வரும்வரை அசையாமல் இருப்பதும் பயிற்சியில்தான் வரும்.

போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் வராவிட்டால் பதறவேண்டாம். அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கவையுங்கள். கண்விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் பெரும்பாலோருக்கு இயல்பாகவே ஏறும். ஆகவே விடியற்காலைக் கலக்கத்தை வைத்து அன்றைய ஓட்டத்தைக் கணிக்காதீர்கள். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, வாழைப்பழம் போதும். பழக்கமில்லாதவர்களுக்குக் காபி வேண்டாம்.

லேஸைப் பந்தலுக்குள் போகும் முன்பே இரட்டை முடிச்சாகக் கட்டிவிடவேண்டும். உள்ளே, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது, ஐந்து முறை. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். பின் எழுந்து இரண்டு குதி. வேக ஓட்டத்துக்கு அதிக அமைதியும் ஆகாது. மனத்தில் ஒரே ஒரு வேலை: முதல் ஐம்பது மீட்டர்.

ஓடி முடித்தவுடன் தவறுகளைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும், கார்டிசால் அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். அழுகையும் நடுக்கமும் அதனால் வரலாம். தண்ணீர், துண்டு, தோளில் ஒரு கை. பேச்சு மறுநாள்.

ஒன்றைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள். கடும் பயிற்சி, போதாத உணவு, ஓயாத மன அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் மூளையிலிருந்து சினைப்பைகளுக்குப் போகும் ஹார்மோன் ஓட்டமே அடங்கி, மாதவிடாய் நின்றுவிடக்கூடும், எலும்பும் வலுவிழக்கும். உண்ணும் ஆற்றல் போதாமல் வரும் இந்தச் சிக்கலுக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் தனிப்பெயரே வைத்தது. "ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மூன்று மாதம் வரவில்லையென்றால் அடுத்த போட்டியின் தேதியைப் பார்க்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். எங்கள் நோட்டில் அறிகுறிக் கட்டத்துக்குப் பக்கத்தில் மாதவிடாய்த் தேதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்களன்று ஒவ்வொருத்தியிடமும் தனியாகக் கேட்கிறேன்.